அடக்கமான பூனை

"இதுக்கு ஒரு நோயும் இல்லை, டொக்டர். அது திருந்தியிருக்கு," என்றாள் எல்சி, சினத்தோடு. மகள் மெலனியின் பிடிவாதத்தால்தான் பூனையை மிருக வைத்தியரிடம் கொண்டுவந்திருந்தாள். "முந்தி அலுமாரிக்கு மேல பாயும், வீடதிரக் கத்தும். இப்ப மூலையில சத்தமில்லாமல் கிடக்குது."

டொக்டர் பூனையின் இடுப்பைத் தொட்டார். அது கத்தவில்லை. உடம்பை ஒடுக்கிக்கொண்டது.

"நல்ல அடி விழுந்திருக்கு. பூனை நொந்தால் கத்தாது அம்மா, ஒதுங்கும். அதைப் போய்த் திருந்தினதெண்டு சொல்றீங்களே."

வீடு திரும்பப் பாலையூற்று பஸ்ஸுக்கு நிற்கையில் எல்சியின் கோபம் மகள்மேல் திரும்பியது.

"அதுக்கு நோகுதெண்டு உனக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சது?"

மெலனி சீனன்குடாவில் புருஷன் வீட்டிலிருந்து வந்து ஒரு கிழமை. வாயாடியாய் இருந்தவளைக் கலியாணம் அடக்கிவிட்டதென்று எல்சி கோயிலில் எல்லாரிடமும் பெருமையாய்ச் சொல்லியிருந்தாள்.

"அந்த மூலையிலதானே அம்மா நானும் இருக்கிறன்."

எல்சி மகளின் முழுக்கைச் சட்டையை மேலே இழுத்தாள். கையெல்லாம் அடிபட்டுக் கன்றியிருந்தது. மெலனி கத்தவில்லை. உடம்பை ஒடுக்கிக்கொண்டாள்.

ஃபோன் அடித்தது. மருமகன் அஞ்சலோ.

"மாமி, நாளைக்கு மெலனியை அனுப்பிறீங்கள்தானே?"

"ஏலாது," என்றாள் எல்சி. "அவள்தான் கத்தேல்லை. நான் கத்துவன்."