‘டக் டக்’ வாசித்தவர்

ஸ்டுடியோவில் பாட்டு ஓடி முடிந்ததும் படத் தயாரிப்பாளர் கண்ணைத் திறந்தார்.

“ட்யூன் எங்கேயோ கேட்ட மாதிரிதான் இருக்கு. ஆனா ஆரம்பத்துலேர்ந்து ‘டக் டக்’னு ஒண்ணு வருதே, அதுதான் பாட்டையே காப்பாத்துது. யார் வாசிச்சது?”

ஒலிப்பதிவாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இசையமைப்பாளர் முந்திக்கொண்டார். பாராட்டு எந்தப் பக்கம் வந்தாலும் முதலில் நீளும் கை அவருடையது.

“நானேதான் சார். மரக்கட்டையில வாசிச்சேன், கை வீங்கிப் போச்சு. இந்த ஆளை நம்பினா எல்லாத்தையும் சாஃப்ட்வேர்லயே ஒப்பேத்திடுவான்.”

“மேடையிலயும் நீங்களே வாசிக்கணும்” என்று கைகுலுக்கிவிட்டுத் தயாரிப்பாளர் கிளம்பினார்.

கதவு சாத்தியதும் இசையமைப்பாளர் கிசுகிசுத்தார். “யோவ், அது என்னய்யா வாத்தியம்?”

“பாடறவங்க தாளம் தப்பக்கூடாதுன்னு சாஃப்ட்வேர் தட்டுற கிளிக் சார். ஆஃப் பண்ணாமலே பாட்டைப் போட்டுட்டேன். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள நீங்க வாசிச்சுட்டீங்க.”