திங்கட்கிழமைகளில் பிடிக்காத பிரேக்

“இவனை இன்னியோட அனுப்பிடப் போறேன், வள்ளி. என்னைக் கொல்லப் பார்க்கறான்.”

வேங்கிக்கால் ஊரில், மெக்கானிக் கடை வாசலில் வெறுங்காலோடு நின்றுகொண்டு அருணகிரி சொன்னார். அவருடைய பழைய வேன் சக்கரங்கள் கழற்றப்பட்டு நின்றிருந்தது. டிரைவர் குமரேசன் தலை குனிந்து ஓரமாக நின்றான்.

மனைவி வள்ளியும் தலையாட்டினாள். அவளுக்கும் அவன்மேல் கோபம்தான்.

அடி அண்ணாமலையில் சமையல் கான்ட்ராக்ட் நடத்துபவர் அருணகிரி. வாரம் முழுவதும் வேனை ஓட்டுபவன் குமரேசன். திங்கட்கிழமை காலை மட்டும் அருணகிரியே ஸ்டீயரிங்கைப் பிடிப்பார். கிரிவலப் பாதையில் இருக்கும் சாதுக்களுக்குப் பொங்கல் வழங்கும் நாள் அது. ஏறி உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிடுவார். வீடு திரும்பும்வரை அணியமாட்டார். வள்ளி பக்கத்தில் அமர, குமரேசன் பின்னால் அண்டாவைப் பிடித்துக்கொண்டு வருவான்.

போன திங்கட்கிழமை பிரேக் பிடிக்காமல் வேன் ஒரு வைக்கோல் போரில் முட்டி நின்றது. இன்றைக்கு ஒரு கரும்புச்சாறு வண்டியின்மேல் ஏறப் பார்த்தது. வள்ளி கை பிரேக்கை இழுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ.

மெக்கானிக் தசரதன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“பிரேக் ஆயில் கம்மியாகல. லைனிங் நல்லா இருக்கு. நானே ஓட்டிப் பாத்துட்டேன், தொட்டா நிக்குதுங்க.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“அப்படிச் சொல்லலீங்க.”

“இவன் ஓட்டுனா நிக்குது, நான் ஓட்டுனா நிக்கல. என்னமோ பண்ணி வெக்கிறான். கிரிவலப் பாதையிலயே செருப்புக் காலோட வண்டி ஓட்டறவன் இவன். மலைக்கே மரியாதை குடுக்காதவன், எனக்கா குடுக்கப் போறான்?”

“வெறுங்கால் பெடல்ல வழுக்குமுங்கய்யா. அதான்,” என்றான் குமரேசன்.

“எனக்கு இத்தினி வருசமா வழுக்கலையே? தப்பு என்மேலன்னு எவனாச்சும் காட்டட்டும். அன்னியோட ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன். பொங்கலும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

அது வெறும் பேச்சில்லை என்று வள்ளிக்குத் தெரியும். சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்று சம்பந்தி ஒரு வார்த்தை சொன்னதிலிருந்து கரண்டியையே தொடாத மனிதர். வாரத்தில் அவர் முகம் மலர்ந்திருப்பது அந்த ஒரு காலையில்தான்.

குமரேசன் தயங்கிக் கேட்டான்.

“ஐயா, பெடல் தரை வரைக்கும் போச்சுங்களா, பாதியிலயே நின்னுச்சுங்களா?”

“பாதியிலயே. கல்லை மிதிச்ச மாதிரி.”

தசரதன் நிமிர்ந்தார். “ஆயில் கசிஞ்சா பெடல் தரைக்குப் போவுங்க. கல்லு மாதிரி நிக்குதுன்னா, அடியில ஏதாச்சும் மாட்டியிருக்கணும்.”

குமரேசன் டிரைவர் சீட்டுப் பக்கம் போய்க் குனிந்தான். சற்று நேரம் எழவே இல்லை. எழுந்தபோது அவன் கையில் ஒரு மரக்கட்டை இருந்தது.

“தப்பு என்மேலதாங்க. சக்கரம் உருளாம முட்டுக் குடுக்கற கட்டையை சீட்டுக்கு அடியில வெச்சிருந்தேன். நழுவிப் போயி பெடலுக்குக் கீழ மாட்டியிருக்கு.”

தசரதன் கட்டையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சக்கரத்தை மாட்டப் போய்விட்டார்.

“நீ ஓட்டறப்ப மட்டும் மாட்டலையாக்கும்?” வள்ளி விடவில்லை.

“என் நேரங்கம்மா.”

“நல்ல நேரம்டா உன் நேரம். மூணு உயிர் போயிருக்கும். உன்னை அனுப்பறதுதான் சரி.”

“இந்த ஒரு தடவை மன்னிச்சுடுங்கம்மா. இனிமே சீட்டுக்கிட்ட ஒண்ணும் வெக்கமாட்டேன். பின்கதவுல ஒரு பை கட்டிடறேன். நம்ம செருப்பைக்கூட அதுலயே போட்டுடலாம்ங்கய்யா. மலையைச் சுத்தறப்ப செருப்பு காலுகிட்ட கெடக்கறதே தப்புங்க.”

அருணகிரி குளிர்ந்துபோனார்.

“இப்பதான்டா உனக்குப் புத்தி வந்திருக்கு. போ, பொழச்சுப் போ.”

அடுத்த திங்கட்கிழமை பிரேக் தொட்ட இடத்தில் நின்றது. பொங்கல் வாங்கிய சாதுக்களிடமெல்லாம் டிரைவரைத் தாம் திருத்திய கதையை அருணகிரி சொல்லி மகிழ்ந்தார். வீடு வந்து சேர்ந்ததும் காபியைக் குடித்துவிட்டு நிம்மதியாகக் கண்ணயர்ந்தார்.

வள்ளி, பின்கதவுப் பையிலிருந்து அவருடைய செருப்பை எடுத்துத் தட்டினாள். திருப்பிப் பார்த்தாள்.

வலது செருப்பின் தடித்த குதிகாலில், பிரேக் பெடலின் அகலத்துக்கு ஒரு பள்ளம் ஆழமாக அழுந்தியிருந்தது.

குழாயடியில் குமரேசன் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தான். செருப்பைக் கையில் வைத்தபடியே வள்ளி அவனருகே போனாள்.

“அந்தக் கட்டையை எங்கடா எடுத்தே?”

அவன் செருப்பைப் பார்த்தான். பிறகு, ஐயா உறங்கும் ஜன்னலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“தசரதண்ணன் கடையில, நம்ம வண்டிக்கு அடியில கெடந்துச்சுங்கம்மா. ஐயா அடுத்த திங்கட்கிழமையும் வண்டி ஓட்டணுமில்லீங்களா?”