போகாத ஊர்

"வினோதா தங்கச்சிதானே? முழங்கால் வலி இப்ப தேவலைங்களா?"

கிரகரி வாவிக் கரையில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள் கேட்டதும் வினோதா திரும்பிப் பார்த்தாள். பின்னால் வேறு யாருமில்லை.

"என்னையா கேட்டீங்க?"

"வேற யாரு இருக்கா? போட்டோவுல பாத்ததவிட மெலிஞ்சிட்டீங்க. நான் ஆண்டியப்பன்" என்றவர், தூரத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் கையைக் காட்டவே, குதிரையை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டார்.

வினோதாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறிப்பவள் அவள். பஸ்ஸில் மூன்று மணி நேரம்தான் என்றாலும், நுவரெலியாவில் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. இந்த ஆளின் கையில் அவள் போட்டோ எப்படி வந்தது?

படகுக்கு டிக்கெட் எடுக்கப் போன சுமன் திரும்பி வந்தான். கத்தாரில் இரண்டு வருஷம் ஹோட்டல் வேலை பார்த்துவிட்டு, போன மாதம்தான் வீட்டுக்கு வந்திருந்தான். கண்டிக்குப் போகலாம் என்று அவள் சொன்னபோது, நுவரெலியாதான் என்று ஒற்றைக்காலில் நின்றவன் அவன். மகள் கிருஷாந்திக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் இருவர் மட்டும் வந்திருந்தார்கள்.

"யாரு அது?"

"குதிரையில ஏறச் சொன்னாருங்க. வேணாம்னுட்டேன்."

ஏன் பொய் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. புருஷன் வெளிநாட்டில் இருக்கும் பெண்களைப் பற்றித் தோட்டத்து லயத்து வீடுகளில் என்னென்ன பேசுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். 'நான் இல்லாத நேரத்துல இங்க யாரோட வந்த?' என்று இவன் கேட்டுவிட்டால்?

படகில் எல்லோரும் மலையையும் தண்ணீரையும் படம் பிடித்தார்கள். சுமன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வினோதா, ஒன்கிட்ட ஒண்ணு..."

அவள் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். "என்னங்க?"

"ஒண்ணுமில்ல. பசிக்குதா?"

அங்கிருந்து பஸ் பிடித்துச் சீதா எலிய சீதையம்மன் கோவிலுக்குப் போனார்கள். "நீ போய் அர்ச்சனைத் தட்டு வாங்கு. நான் செருப்ப விட்டுட்டு வர்றேன்" என்று சுமன் பின்தங்கினான்.

பூக்கடைப் பெண் துண்டுச்சீட்டில் பெயர் எழுதப் பேனாவை எடுத்தாள்.

"பேரு வினோதாங்க. நட்சத்திரம் பூரட்டாதி."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "பொகவந்தலாவ வினோதாவா? அட, நீங்கதானா! வெள்ளிக்கெழம தவறாம ஒங்க பேருக்கு அர்ச்சனை நடக்குதே. மக பேரு கிருஷாந்தி. சரிதானே?"

"என் பேருக்கா? யாரு... யாரு செய்யிறாங்க?"

"என்னங்க இது, தெரியாத மாதிரி கேக்குறீங்க! நம்ம..."

சுமன் படியேறி வருவதை வினோதா பார்த்துவிட்டாள்.

"வேணாங்க! ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், சொல்லாதீங்க!"

தட்டைப் பறித்துக்கொண்டு சந்நிதிக்குள் ஓடினாள். அம்மனுக்கு முன்னால் கைகூப்பி நின்றும் எதையும் கேட்கத் தோன்றவில்லை. யாரோ ஒருவன் வாராவாரம் தன் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்கிறான். எவன் அவன்? மகளின் பெயர்வரை தெரிந்து வைத்திருக்கிறானே! புருஷனிடம் சொன்னால் நம்புவானா? யார்தான் நம்புவார்கள், அவளாலேயே நம்ப முடியவில்லையே!

மத்தியானம் டவுனுக்குத் திரும்பினார்கள். பெரிய பெரிய கடைகளையெல்லாம் விட்டுவிட்டு, சுமன் அவளை ஒரு சந்துக்குள் இருந்த சிறிய சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனான். வாசலில் ஒரு நிமிஷம் தயங்கி நின்றுவிட்டு, "வா" என்றான்.

உள்ளே நுழைந்ததும் கல்லாவில் இருந்த பெரியவர் எழுந்து வந்தார்.

"அட, வினோதா மகளா! வாங்க, வாங்க. நான்தான் மஃறூப். ஒங்க போட்டோவுக்குப் பக்கத்துலயே ஒக்காருங்க."

அவர் காட்டிய இடத்தில், சமையல்கட்டை ஒட்டிய சுவரில், வினோதாவின் போட்டோ ஒட்டியிருந்தது. மஞ்சள் சேலை கட்டி, பொங்கலுக்கு எடுத்தது. ஓரமெல்லாம் புகை படிந்து பழுப்பேறிக் கிடந்தது.

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. சுமனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ஏங்க, கிருஷாந்தி மேல சத்தியங்க. நான் இந்த ஊருக்கு வந்ததே இல்ல. காலையில இருந்து யார் யாரோ என் பேரச் சொல்றாங்க. இவங்க யாரையும் எனக்குத் தெரியாதுங்க. என்னய நம்புங்க!"

சுமன் தலையைக் குனிந்துகொண்டான். "நீ வந்ததில்லன்னு எனக்குத் தெரியும்."

மஃறூப் ஒன்றும் புரியாமல் சிரித்தார். "அதத்தான் நானும் கேக்குறேன் மகள். பொண்டாட்டி போட்டோவ ஊரெல்லாம் காட்டத் தெரிஞ்ச இவனுக்கு, பொகவந்தலாவைக்கு பஸ் ஏறத் தெரியல்லையே! லீவு குடுத்தாலும் போக மாட்டான். ரெண்டு வருசமும் இந்த அடுப்படியிலதானே கெடந்தான்!"

"விசா பொய்யின்னு ஏர்போர்ட்லயே திருப்பி அனுப்பிட்டாங்க, வினோதா" என்றான் சுமன். "லயமே கூடி மாலை போட்டு அனுப்பிச்சிச்சு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு திரும்பி வர்றது? என் வாயால சொல்ல முடியல. இவங்கள்ல யாராச்சும் சொல்லட்டும்னுதான் ஒன்ன கூட்டிட்டு வந்தேன்."

வினோதா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'கத்தார்ல வெயில் தாங்க முடியல' என்று போனில் சொல்லும்போதெல்லாம் அவன் குரல் நடுங்கும். தன்னைப் பிரிந்த துக்கம் என்று நினைத்து இந்தப் பக்கம் அவளும் அழுவாள். நடுங்கியது நுவரெலியாக் குளிரில்!