அம்பில்லாத வீடு

ஏழாம் நம்பர் வீட்டை அழித்தது நான்தான். டஸ்டரால், ஒரே இழுப்பில்.

பிளஸ் டூ கணக்கு, ஜூன் மாதம், முதல் பாடம். சார்பு என்றால் என்னவென்று சொல்வதற்கு முன்னால் தொடர்பு என்றால் என்னவென்று சொல்லியாக வேண்டும். புத்தகத்தில் அருகருகே இரண்டு முட்டை வரைந்து, உள்ளே எண்களைப் போட்டிருப்பார்கள். மதியத்துக்கு முந்தின பீரியடில் முட்டையைப் பார்த்தால் பிள்ளைகளுக்குப் பசிதான் வரும்.

அதனால் ஊரையே போர்டில் ஏற்றினேன்.

இடது முட்டைக்குள் தேயிலை எஸ்டேட் வரிசை வீடுகளின் நம்பர்கள். லயம் என்பார்கள் இங்கே. வலது முட்டைக்குள் அந்தந்த வீட்டிலிருந்து கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் பெயர்கள். பிள்ளைகளே எழுந்து வந்து அம்பு போட்டார்கள்.

அம்பு எப்படிப் போனாலும் அது தொடர்புதான். ஆனால் இடதுபக்கம் இருக்கிற ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே ஓர் அம்பு கிளம்பினால்தான் சார்பு.

மற்ற வீடுகளிலிருந்து ஒவ்வோர் அம்பு கிளம்பியது. ஏழாம் நம்பரிலிருந்து அம்பே கிளம்பவில்லை.

எனக்கு ஏகக் கொண்டாட்டம். அம்பில்லாததை நீக்கிவிட்டால் மிச்சம் சார்பாகிவிடும் என்பதை இதைவிட அழகாக யார் நடத்த முடியும்?

“வேலைக்கு ஆளில்லாத வீடு நமக்கெதுக்கு? காலி பண்ணு!” என்று டஸ்டரை ஓங்கினேன்.

வடகரப்பதியில், என் பழைய பள்ளியில், இதே ஜோக்கை எருமைகளையும் அவற்றின் சொந்தக்காரர்களையும் வைத்துச் சொல்வேன். பெஞ்சைத் தட்டிச் சிரிப்பார்கள். இங்கே வண்டிப்பெரியாரில் தகரக் கூரைமேல் மழை மட்டும் சத்தம் போட்டது.

“ஏம்ப்பா, சிரிக்கறதுக்கும் பிடிஏ மீட்டிங் கூட்டோணுமா?” என்றேன்.

கடைசி பெஞ்சு லிபின் எழுந்தான். இவன் எழுந்தால் நக்கல் வரும். நானும் பதிலுக்கு ஒன்று தயாராக வைத்திருந்தேன்.

“சார், அது பெர்சி வீடு. அவ அம்மா போன மாசம் ரிட்டயர் ஆயிட்டாங்க. வீட்லேர்ந்து வேற யாராச்சும் வேலைக்குப் பேரு குடுக்கலன்னா கம்பெனியே காலி பண்ணச் சொல்லிரும். அதுக்குள்ள நீங்க ஏன் சார் முந்துறீங்க?”

தயாராக வைத்திருந்ததை விழுங்கினேன்.

எங்கள் ஊரில் வேலை முடிந்தால் வேலை மட்டும்தான் முடியும். இங்கே வீடும் கூடவே முடியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? வந்த நாளிலிருந்து நான்தானே பேசிக்கொண்டிருக்கிறேன்.

சாக்பீஸை எடுத்து மறுபடியும் ஏழு என்று எழுதினேன். அவசரத்தில் அது ஒன்று மாதிரி வந்தது. தலையில் ஒரு கோடு இழுத்து ஏழாக்கினேன்.

“ஆச்சு, குடியேத்தியாச்சு” என்றேன். இதற்கும் யாரும் சிரிக்கவில்லை. நல்லவேளை.

இரண்டாவது பெஞ்சிலிருந்து பெர்சி எழுந்து வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சாக்பீஸை வாங்கினாள். ஏழிலிருந்து ஓர் அம்பு போட்டு, வலது முட்டைக்குள் தன் பெயரை எழுதினாள். என் கோடுகளெல்லாம் அலைந்துகொண்டிருந்தன. அவள் அம்பு நேராக இருந்தது.

“போன வாரந்தான் பதினெட்டு முடிஞ்சுச்சு. திங்கக்கிழமையிலேர்ந்து நாந்தான் சார்.”

பழக்கதோஷத்தில் என் வாய்க்கு ஏதோ ஒரு வேடிக்கை வந்தது. பல்லைக் கடித்து நிறுத்தினேன்.

“அப்ப கிளாசுக்கு?”

“வரமாட்டேன் சார். இன்னைக்கு உங்க கிளாஸ் ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போவோம்னுதான் வந்தேன்.”