திரும்பியவை

மணி நான்கு பத்து. வானத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதினேன்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இதை எழுத வேண்டும். சும்மா இருந்ததற்கு நேரம் குறித்துக் கையெழுத்து வாங்கும் உத்தியோகம் உலகத்தில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

குன்றின் உச்சியில் இரண்டு கம்பங்கள். நடுவே, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. இலையுதிர் காலத்தில் வடக்கிலிருந்து வரும் பருந்துகள் அந்தக் கோட்டைத் தாண்டித் தெற்கே போனால், அக்கா "ஒண்ணு" என்பாள். நான் கையிலிருக்கும் எண்ணும் கருவியை ஒரு அமுக்கு அமுக்குவேன்.

மூன்று வருடம் முன்பு நாலாயிரம் அமுக்கினேன். கட்டைவிரல் வீங்கிப்போனது. அடுத்த வருடம் அறுநூறு. போன வருடம் ஒன்பது.

இந்த வருடம் அறுபது நாளாகக் கட்டைவிரலுக்கு முழு ஓய்வு. இன்று கடைசி நாள். ஐந்து மணியோடு கணக்கு மூடப்படும்.

ஒரே ஒரு பருந்து தாண்டினாலும் குன்று பறவைப் பாதையாக நீடிக்கும். பூஜ்யம் என்றால் கல்குவாரிக்காரருக்கு. அவருடைய இயந்திரங்கள் இப்போதே அடிவாரத்தில், சாப்பாட்டுக்குக் கைகழுவிவிட்டு உட்கார்ந்தவர்கள் மாதிரி, வரிசையாக நின்றன.

எங்கள் கணக்கைப் பார்த்துச் சான்று எழுத ஓர் அதிகாரி வந்திருந்தார். காற்றடைத்த தலையணையைக் கூடவே கொண்டுவந்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர்.

"ஒண்ணே ஒண்ணு போதும் மேடம். நானும் காலையிலேருந்து வேண்டிக்கிட்டுதான் இருக்கேன்."

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிளாஸ்க்கைக் காரிலேயே விட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டு வடக்குச் சரிவில் இறங்கிப் போனாள்.

அக்காவுக்குப் பொய் வராது. புதுச் சட்டை எப்படி இருக்கிறது என்று அவளிடம் கேட்கும் தப்பை எங்கள் வீட்டில் யாரும் இரண்டாவது முறை செய்ததில்லை.

தாண்டிய பறவை திரும்பி வந்தால் கழித்துவிட வேண்டும் என்ற விதியை எழுதியவளே அவள்தான். படிவத்தில் அதற்கென்று 'திரும்பியவை' என்று ஒரு கட்டம். நாலாயிரம் போன வருடத்தில் பதினொன்று திரும்பின.

"நாலாயிரத்துல பதினொண்ணு போனா என்னக்கா குறைஞ்சிடும்?" என்று கேட்டேன்.

"பதினொண்ணு குறையும்" என்றாள்.

இவ்வளவு கறாரானவளுக்கு வீட்டில் ஒரு பலவீனம் உண்டு. கோடையில் கூட்டிலிருந்து விழுந்த பருந்துக்குஞ்சு ஒன்று. சிறகொடிந்து கிடந்ததைத் தூக்கி வந்து பின்னறையில் வைத்தாள். சிறகு சேர்ந்துவிட்டது. போகத்தான் மனமில்லை. வேளாவேளைக்கு ஈரல், அதையும் அம்மா இடுக்கியால் ஊட்ட வேண்டும். மாப்பிள்ளை என்று பேர் வைத்தோம்.

"தானா ஒரு எலியப் புடிக்கத் துப்பில்ல, முறைப்புக்கு மட்டும் குறைச்சல் இல்ல" என்பாள் அம்மா, அடுத்த துண்டை நறுக்கிக்கொண்டே.

பிளாஸ்க் எடுக்கப் போன அக்கா இருபது நிமிடம் கழித்து, பிளாஸ்க் இல்லாமல் வந்தாள். இடது கை கோட்டுப் பைக்குள் இருந்தது.

"மறந்துட்டேன்" என்றாள்.

நான்கு முப்பத்தைந்துக்கு வடக்கே ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளிக்குச் சிறகு முளைத்தது. கம்பங்களுக்கு நடுவே, கோட்டைத் தாண்டி, தெற்கே போனது.

"ஒண்ணு" என்றாள் அக்கா. கண் என் படிவத்தின் மேல் இருந்தது.

அமுக்கினேன். அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். தலையணை காற்றில் உருண்டு சரிவில் போனதை அவர் கவனிக்கவில்லை.

ஆறு நிமிடம் நாங்கள் பணக்காரர்களாக இருந்தோம்.

ஏழாவது நிமிடம் அது திரும்பி வந்தது. எங்கள் தலைக்கு மேலே வட்டமடித்துக்கொண்டு, பசித்த குழந்தை மாதிரி விடாமல் கத்தியது.

அதிகாரி வெறும் பாறையில் உட்கார்ந்தார். "கழிக்கணும் இல்ல மேடம்? நீங்க போட்ட விதிதான்…"

அக்கா தலையாட்டினாள். 'திரும்பியவை' கட்டத்தில் ஒன்று போட்டேன். மொத்தம், பூஜ்யம்.

ஐந்து மணிவரை அது எங்களை விட்டு நகரவில்லை. ஒருமுறை அக்காவின் தோளை உரசுகிற மாதிரித் தாழ வந்து, உட்கார இடம் கிடைக்காமல் மேலேறியது. அவள் பைக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை. அண்ணாந்தும் பார்க்கவில்லை.

"உங்கள ரொம்பப் புடிச்சுப்போச்சு போல" என்றார் அதிகாரி, பாவம், கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

அவருடைய ஜீப் சத்தம் அடிவாரத்தில் தேய்ந்து முடிந்த பிறகுதான் கையை வெளியே எடுத்தாள்.

தடித்த தோல் கையுறை. பின்னறைக் கதவின் ஆணியில் எப்போதும் தொங்குவது.

கையை உயர நீட்டி, நாக்கைத் தட்டிக் கூப்பிட்டாள். ஈரல் தட்டோடு அம்மா எழுப்பும் அதே சத்தம்.

மாப்பிள்ளை இன்னொரு வட்டம் அடித்தது. பிறகு கம்பங்களுக்கு நடுவே, கோட்டைத் தாண்டி, தெற்கே போனது. புள்ளியானது. புள்ளியும் போனது.

இதுவரை ஓர் எலிகூடப் பிடித்ததில்லை.

ஏழு நிமிடம் ஆனது. பிறகு இன்னொரு ஏழு. திரும்பவில்லை.

"அது தாண்டுறப்ப மணி என்னடா?"

"அஞ்சே கால்."

"அப்ப எழுதாத" என்றாள். நீட்டிய கையை மட்டும் இறக்கவில்லை.