பொறுமையின் வரையறை

பொறுமையுள்ளவர் எந்தக் கணத்திலும் கத்தமாட்டார் என்ற வரையறையைக் கணிதமாக எழுதி அரசுக்குக் கொடுத்தவர் பேராசிரியர் அறவாழி. அந்த வரையறைக்குள் வருபவர் மட்டுமே நோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று அரசு சட்டம் போட்டது. மறதிநோயால் நினைவிழந்த மனைவி மங்கையர்க்கரசியை ஆறு ஆண்டுகளாக அவரே குளிப்பாட்டி, ஊட்டிப் பார்த்துக்கொண்டார். சென்ற வாரம் அவள் சோற்றுத் தட்டை மூன்றாம் முறையாகத் தள்ளிவிட்டபோது கத்திவிட்டார். அவருக்குப் பொறுமை இல்லை என்று அரசு வீட்டில் வைத்திருந்த கண்காணிப்பு இயந்திரம் நிரூபித்துவிட்டது. அவளை அழைத்துப்போக அதிகாரி ஒருத்தியோடு காப்பகத்து வண்டி வந்தது.

“ஒரே ஒரு தடவைதாம்மா கத்தினேன்.”

“ஒரு தடவையே போதும்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க,” என்றாள் அதிகாரி.

நிரூபணத்தை வரிவரியாகப் படித்தார். பிழையே இல்லை. கையெழுத்திட்டார்.

வண்டியில் ஏறிய மங்கையர்க்கரசி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க வீட்டுக்காரர் வந்தா சொல்லிடுங்க. பாவம், தேடுவாரு.”

“சொல்றேம்மா,” என்றார்.