ஸ்கோப்பன் சீட்டு

பின்னேர வெயில் கிடுகு ஓட்டைகளால் பாயில் சிந்திக் கிடக்கிறது. பக்கத்து வளவில் பதுங்குவதற்குப் பங்கர்க் குழி வெட்டுகிறார்கள். மண் அள்ளும் சவலின் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கிறது. முந்தாநாள் கடலுக்குப் போன சிமியோன் இன்னும் கரைக்கு வரவில்லை. அவன் மனைவி யசிந்தாவுக்காக, உப்புக்காற்றில் ஊதிப்போன சீட்டுக்கட்டிலிருந்து, குறிசொல்லும் றோஸ் ஒரு சீட்டைப் புரட்டுகிறாள். நடுவில் காம்பு வைத்த இலைபோல ஒற்றைக் கறுப்பு அடையாளம். ஸ்கோப்பன். "பார் பிள்ளை, துடுப்பு! உன்ரை மனுசன் வலிச்சுக்கொண்டு வாறான்." யசிந்தா அழுத கண்ணோடு சிரிக்கிறாள். ஒல்லாந்துக் கப்பலில் வேலைசெய்து திரும்பிய அடைக்கலநாதன் வாசலில் இருந்து வலை பொத்துகிறார். தலை நிமிராமலே சொல்கிறார்: "உது துடுப்பில்லை. ஸ்கோப்பன் எண்டது ஒல்லாந்தற்றை சொல். குழி வெட்டுற சவலைத்தான் கப்பலிலை அப்பிடிச் சொல்லுறவங்கள்." றோசின் விரல் சீட்டின்மேல் அப்படியே நிற்கிறது. யசிந்தா சீட்டைத் தலைகீழாகத் திருப்புகிறாள், மறுபடி நிமிர்த்துகிறாள். "எந்தப் பக்கமக்கா நேர்?" வேலிக்கப்பால் சவல் மண்ணில் இறங்குகிறது. "அண்ணை," என்கிறாள் யசிந்தா, "உவையளைக் கொஞ்சம் வெட்டாமல் இருக்கச் சொல்லுங்கோ."